குழிக்கு மேலே நின்றவர்

அந்தம்மாவின் குரல் நன்றாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நன்றி கெட்டவன் என்பீர்கள். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரு குரல். கொச்சியில் மட்டாஞ்சேரிச் சந்தில் அரிசி லாரி பின்னோக்கி வருகிற சத்தம், மூட்டை இறக்குபவர்களின் கூச்சல், தண்ணீர் இறைக்கிற மோட்டார் எல்லாவற்றையும் மீறி அந்தக் குரல் ஒரே ஒரு சொல்லைக் கொண்டுவந்து காதில் போடும்.

"ஏறு!"

அவ்வளவுதான். ஏன் ஏற வேண்டும், என்ன ஆயிற்று, ஒரு விளக்கமும் கிடையாது. குழிக்குள் நிற்கிற எல்லாரும் மண்வெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏணியைப் பிடிக்க வேண்டும். தேனிப் பக்கத்திலிருந்து வந்த முருகேசனும் ஏற வேண்டும். வங்காளத்திலிருந்து வந்த ரஃபிக்கும் ஏற வேண்டும். அளவு பார்க்க நான் உள்ளே இறங்கியிருந்தால் நானும்தான். நான் சூப்பர்வைசர் என்பதெல்லாம் அந்தக் குரலுக்குத் தெரியாது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. இப்போதும் எங்கேயோ ஒரு குழியின் ஓரத்தில் நின்று யாரோ ஒரு முதலாளியை எரிச்சல்படுத்திக்கொண்டுதான் இருப்பார். என்னால் அவருக்குத் தொந்தரவு வரவேண்டாம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் சுள்ளிக்கல்லில் பிறந்தவன். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து நகராட்சித் துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் காதைத் திருகிக் கற்றுக்கொடுத்தது. இங்கே பள்ளியில் என்னைப் பாண்டி என்று சிரிப்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் மலையாளத்தான் என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துச் சிரித்து, தெருவில் யார் சிரித்தாலும் என்னைத்தானோ என்று திரும்பிப் பார்க்கிற புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது. நாற்பது வயது நெருங்கியும் அது போகவில்லை. அந்தம்மாவுக்கும் எனக்கும் நடந்த எல்லாத் தகராறுக்கும் இந்தப் புத்திதான் காரணம்.

வேலை இதுதான். பஜாரில் பழைய கிடங்குகள் இருக்கிற சந்துகளில் மழை பெய்தால் தண்ணீர் வடியாது. அரிசி மூட்டையும் மிளகாய் மூட்டையும் நனையும். அதற்காகப் புதிய குழாய் பதிக்க வேண்டும். சந்துக்குள் மண் தோண்டும் இயந்திரம் நுழையாது, ஆட்கள்தான் இறங்கித் தோண்ட வேண்டும். ஒருவர் உள்ளே நின்று கையை உயர்த்தினால் விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற ஆழம். இரண்டு பக்கமும் மண் சரியாமலிருக்கப் பலகை வைத்து, குறுக்கே இரும்பு ஜாக்கி கொடுத்து முறுக்கி நிறுத்துவோம். நிறுத்த வேண்டும் என்பது விதி. பலகை எப்போதும் பாதிக்குத்தான் இருக்கும். முன்னால் தோண்டத் தோண்ட, பின்னால் இருக்கிற பலகையைக் கழற்றி முன்னால் கொண்டுபோய் வைப்போம். குழாய் பதித்து மண் மூடிய பிறகுதான் கழற்ற வேண்டும். நாங்கள் குழாய் பதிக்கும்போதே கழற்றிவிடுவோம். எங்கள் முதலாளிக்குப் பாதுகாப்பு என்றால், காலையில் எல்லாருக்கும் ஹெல்மெட் மாட்டி வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்து அனுப்புவது. அதை நான் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

அந்தம்மா சட்டியில் மண் சுமக்க வந்தவர். கோவில்பட்டிக்கு அந்தாண்டை கரிசல்காட்டு ஊர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். புருஷன் களமசேரியில் ஒரு கட்டிடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். வந்த முதல் நாளே சண்டை. குழியிலிருந்து மேலே வருகிற மண்ணை மற்ற பெண்கள் ஓரத்திலேயே கொட்டினார்கள். இவர் மட்டும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு எட்டு நடந்துபோய்ச் சாயாக்கடை மூலையில் கொட்டினார். மற்றவர்கள் நாலு சட்டி போடுகிற நேரத்தில் இவர் இரண்டு சட்டி. நான் என் கலவைத் தமிழில், இவிடெ போட்டா எந்தா கேடு என்று கத்தினேன். அவர் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, உள்ள நிக்கிறவுக தலைக்கு மேல மண்ண அடுக்கக் கூடாதுண்ணே, கனம் தாங்காம விளிம்பு உள்ள போயிரும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த சட்டியையும் அதே மூலைக்குக் கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் மற்ற பெண்களும் அங்கேயே கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாயாக்கடைச் சேட்டன் என்னிடம் வந்து சண்டை போட்டதுதான் மிச்சம்.

மண்ணைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. முருகேசன் கூட்டமெல்லாம் செம்மண் பூமிக்காரர்கள். அவர்கள் ஊரில் கிணறு வெட்டினால் பக்கம் சுவர்போல நிற்கும், முட்டுக்கொடுக்கவே வேண்டாம். மண்வெட்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பார்கள். கிண்ணென்று சத்தம் வந்தால் இறங்கிவிடலாம். அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து தட்டிப் பார்த்தார்கள். கொச்சி மண் மேலே மணல், கீழே கறுப்புச் சேறு. ஈரமாக இருக்கும்போது இதுவும் கிண்ணென்றுதான் சொல்லும். பொய் சொல்கிற மண். அதை நம்பி முருகேசன் சுவரில் சாய்ந்து பீடி குடிப்பார்.

அந்தம்மா எந்த மண்ணையும் நம்ப மாட்டார். கரிசலில் பிறந்தவர்களுக்கு அது இயல்பு போலிருக்கிறது. வெயிலில் வாய் பிளந்து கிடக்கிற மண் மழையில் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கும் என்பார். காலையில் குழி வெட்ட வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் குறிப்போம். மிச்சப் பொடியை அவர் வாங்கி வைத்துக்கொண்டு, வெட்டிய குழியின் விளிம்பிலிருந்து ஓர் எட்டு தள்ளி நீளமாக இன்னொரு கோடு போடுவார். இரண்டு பக்கமும். சந்தில் போகிறவர்கள் இது ஏதோ பாண்டிக்காரர்களின் வழிபாடு என்று நினைத்துக்கொண்டு கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போவார்கள். அவரும் திருத்த மாட்டார். மண் உள்ளே நகர ஆரம்பித்தால் மேலே மயிரிழை விரிசல் விழும். புழுதியில் அது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கோடு அறுந்தால் தெரியும். இதுதான் விஷயம். சட்டி இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கோட்டின் மேலேயே கண் இருக்கும். ஆட்கள் முன்னால் நகர்ந்தால் ஏணியையும் அவரே இழுத்து அவர்கள் பக்கத்தில் நிறுத்துவார். காலையில் மீன்காரரிடம் மீன் வாங்காமல் வேலியேற்றம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்வார். காயலில் தண்ணீர் ஏறுகிற நேரத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். அது ஏறினால் எங்கள் குழிக்குள்ளும் அடியிலிருந்து தண்ணீர் ஊறும், பக்கம் இளகும்.

இதற்கெல்லாம் யாரும் அவரை நியமிக்கவில்லை. அவர் பாட்டுக்குச் செய்தார்.

முருகேசனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஐம்பது வயதுக்காரரை ஒரு பெண், அதுவும் நாலு பேர் முன்னால், "ஏறு" என்கிறாளே என்ற கோபம். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். மரியாதை தெரியாதா, ஏறுங்க என்று சொன்னால் வாய் வலிக்குமா என்று. அதற்கு அந்தம்மா ரொம்பப் பணிவாக, "ங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மண்ணு வந்துருமேண்ணே" என்றார். மேலே இருக்கும்போது ங்க போடாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். குழிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அது கிடையாது. முருகேசன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அவரிடம் எனக்கு விளங்காமல் இருந்த சங்கதி ஒன்று உண்டு. கூப்பிட்டு, எல்லாரும் மூச்சு வாங்க மேலே வந்து நின்று, ஒன்றுமே ஆகாமல் போய்விட்டால் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் வராது. பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. கோட்டின் மேல் சைக்கிள் ஏறி அறுந்திருக்கும். மோட்டார் அதிர்ந்து ஒரு பிடி மணல் உதிர்ந்திருக்கும். எல்லாரும் அவரை முறைப்பார்கள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அவர் குழியை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "ஒண்ணும் இல்ல. நல்லது. சாயா குடிச்சிட்டு இறங்குங்க" என்பார். தப்பாகக் கூப்பிட்டதற்கு ஒரு மன்னிப்பு, ஒரு சமாதானம், எதுவும் வராது. மறுநாளும் அதே குரல், அதே சொல்.

ஒருதடவை மட்டும் மண் விழுந்தது. அரிசி லாரி ஒன்று சந்துக்குள் பின்னோக்கி வந்தபோது கூப்பிட்டார். லாரி நின்ற இடத்துக்குக் கீழேதான் சரியும் என்று கையைக் காட்டினார். நாலு பேரும் முனகிக்கொண்டு ஏறி, சாயாக்கடை வாசலில் கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கியிருப்பார்கள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல ஒரு தொப். எழுந்துபோய்ப் பார்த்தால் குழியின் ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளே நின்றிருந்தால் நெஞ்சு உயரம் மண். முருகேசன் பீடி குடிக்கச் சாய்கிற இடம். லாரி நின்றது அங்கே இல்லை, பத்தடி தள்ளி.

அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எடத்தத் தப்பாச் சொல்லிட்டேன் பாருங்க" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சிரிப்பை நிறுத்தி, அங்கன பலகை இல்லண்ணே என்றார். இல்லைதான். காலையில் கழற்றி முன்னால் வைக்கச் சொன்னவன் நான்.

அன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும். யாருக்கும் அடிபடவில்லை, ஆகவே அது விபத்து இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணை அள்ளி வெளியே போடச் சொன்னேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலகை வாங்கியிருப்பார் என்று உறுதியில்லை, ஆனால் என்னைத் திட்டியிருப்பார் என்பது உறுதி. அந்தம்மா காட்டிய இடத்தில் விழவில்லையே, அவர் சொன்னது தப்புதானே என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இவ்வளவு ஜாக்கிரதை ஒருவருக்குச் சும்மா வராது, பின்னால் ஏதோ ஒரு சாவு இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அண்ணனோ தம்பியோ கிணற்றில் புதைந்திருக்க வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற தோரணையில் கேட்டேன். அந்தம்மா கையில் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும். என்னை விநோதமாகப் பார்த்தார்.

"யாரும் சாகலண்ணே. செத்தாத்தான் சொல்லணுமா?"

அவர்கள் ஊரில் கிணறு வெட்டினால் மேலே ஓர் ஆள் நிற்குமாம். வாளி இழுக்காது, மண் சுமக்காது. பார்த்துக்கொண்டு நின்று, தேவைப்பட்டால் கத்தும். அதற்கும் மற்றவர்களுக்குள்ள அதே கூலி. நல்ல குரல் இருக்கிறதென்று இவரைச் சின்ன வயதிலேயே நிறுத்திவிட்டார்களாம். நல்ல குரல் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பிறகு கொஞ்சம் யோசித்து, ஒண்ணும் ஆகலேன்னா எனக்கு ஏன்ணே வெக்கம், ஆயிருந்தாத்தான வெக்கம் என்றார். கப்பையைப் பிட்டுக் குழம்பில் தொட்டுக்கொண்டார்.

அவரை அங்கிருந்து விரட்டியது ஓர் ஆடு. மட்டாஞ்சேரியில் ஆடுகளுக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது, ஆனால் பஜார் அவற்றுக்குச் சொந்தம். நகரசபையின் பெரிய எஞ்சினியர் பார்வையிட வந்திருந்தார். முதலாளி குடை பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றிருந்தார். நான் வரைபடத்தை விரித்து என் மிகச் சுத்தமான மலையாளத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். கிடங்குச் சுவர்மேலிருந்து ஓர் ஆடு குதித்து, குழி விளிம்பில் கால்வைத்து, அந்தப் பக்கம் தாவியது. கொஞ்சம் மணல் சரசரவென்று உள்ளே கொட்டியது. "ஏறு!" என்ற குரலில் எஞ்சினியர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஐந்து பேர் சேறும் சகதியுமாக அவர் காலடியில் ஏறி நின்றார்கள். எல்லாரும் ஆட்டைப் பார்த்தோம். ஆடு எங்களைப் பார்த்தது. சந்து முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும்விட அதிகமாக அந்தம்மாதான் சிரித்தார். என் காது மடல் எரிந்தது.

எஞ்சினியர் போனதும் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் அரைமணி நேரம் போகிறது, அந்தப் பெண்ணை நாளையிலிருந்து இங்கே பார்க்கக் கூடாது என்றார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெஞ்சு உயர மண்ணைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். அப்போதும் சொல்லவில்லை. அந்தம்மாவிடம் போய், சுள்ளிக்கல்லில் இருக்கும் நம் சாமான் கொட்டகையில் மணல் சலிக்க ஆள் பற்றவில்லை, நீங்கள்தான் போக வேண்டும் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் சரி என்றார். மிச்சமிருந்த சுண்ணாம்புப் பொடியை ஒரு தகர டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் போட்டோ எடுத்து முடித்தேன். அன்றைக்குத் தோண்ட வேண்டியது பழைய கிடங்குச் சுவரை ஒட்டிய பகுதி, அந்தச் சந்திலேயே மோசமான இடம். பலகை வழக்கம்போலப் பாதி நீளத்துக்குத்தான் இருந்தது. முருகேசன், ரஃபிக், இன்னும் இரண்டு பேர் ஏணி அருகே நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.

சேச்சி எவிடெ என்று ரஃபிக் கேட்டான். அவனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது உடைந்த மலையாளம்தான். சுள்ளிக்கல்லில் என்றேன்.

"அப்போ ஆரு பறயும்?"

யார் சொல்வது என்று கேட்கிறான். முருகேசனும் என் பதிலுக்காகத்தான் நின்றார் என்பதை அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். முதலாளி குடையோடு சந்து முனையில் வந்துகொண்டிருந்தார். நான் சொல்கிறேன், இறங்குங்கள் என்றேன். அவர்கள் இறங்கினார்கள். என்னை நம்பி நாலு பேர் ஒரு குழிக்குள் இறங்குவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று அப்போது உறைத்தது. அதுவரை அவர்கள் அந்தம்மாவை நம்பித்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

டப்பாவிலிருந்த பொடியை எடுத்துக் கோடு போட்டேன். கோணல்மாணலாக வந்தது. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். சும்மா நிற்பது சும்மா இல்லை. மூட்டை வண்டி வந்தால் கையை நீட்டி நிறுத்தினேன். யாராவது கோட்டுப் பக்கம் வந்தால் அடிக்கப் போனேன். பதினோரு மணிக்குமேல் காயல் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும், மோட்டார் மூச்சுத் திணறியது. முதலாளி என் பக்கத்தில் வந்து நின்று, இன்றைக்கு எத்தனை மீட்டர் போகும் என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். சுவர்ப் பக்கத்துக் கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது.

விரிசல்தானா? நான் போட்ட கோடே அங்கே விட்டுப்போயிருக்கலாம். காற்று அடித்திருக்கலாம். யாராவது மிதித்திருக்கலாம். குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. முதலாளி பக்கத்தில் நிற்கிறார், சாயாக்கடைச் சேட்டன் பார்த்துக்கொண்டிருக்கிறார், நேற்றுத்தான் இதே சந்து சிரித்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, உறுதியாகத் தெரிந்த பிறகு கூப்பிடலாம் என்று மனசு சொன்னது. உள்ளே ரஃபிக் குனிந்து சேற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அவன் முதுகு எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உறுதியாகத் தெரிகிறபோது அந்த முதுகு மண்ணுக்கு அடியில் இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் நான் கத்திவிட்டேன்.

"ஏறு!"

பன்னிரண்டு வயதுப் பையன்போலக் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. ஆனால் கேட்டது. ஏணி ஆடியது. ஒருவர், இரண்டு பேர், ரஃபிக், கடைசியாக முருகேசன். நாலு பேரும் மேலே.

நின்றோம். மண் விழவில்லை. ஒரு பிடிகூட விழவில்லை. மோட்டார் பாட்டுக்கு இரைத்துக்கொண்டிருந்தது. முதலாளி வாயில் வந்ததெல்லாம் சொன்னார். அந்தப் பெண்ணை அனுப்பினால் நீ சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாயா என்பதுவரை போனது. சேட்டன் கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது முருகேசன் கையிலிருந்த சேற்றை உதறிவிட்டு முன்னால் வந்து என்னைக் காட்டினார்.

"அவுக கத்துனா நாங்க ஏறுவோம் மொதலாளி. கத்தக் கூடாதுன்னா எறங்க மாட்டோம்."

முதலாளிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். நாலு பேரும் சாயாக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அன்றைக்கு நெஞ்சு உயரம் விழுந்த மண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பலகை கழற்றச் சொன்னது நான்தான், மறைத்ததும் நான்தான் என்றும் சொன்னேன். முழு நீளத்துக்கும் பலகை வந்தால்தான் இனி ஆள் இறக்குவேன் என்றேன். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த வேலை தொடங்கிய நாளிலிருந்து அவர் உள்ளே எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மத்தியானத்துக்குமேல் ஒரு சின்ன லாரியில் பலகையும் ஜாக்கியும் வந்து இறங்கின.

மூன்று நாள் தாமதம் ஆயிற்று, மழைக்கு முன்னால் முடிந்தும்விட்டது. குழிக்குள் இறங்கிய அத்தனை பேரும் ஏறினார்கள். அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லா வேலையிலும் மேலே நின்று பார்க்க மட்டும் ஓர் ஆள் போடுகிறேன். அந்தம்மா அந்த மழையோடு ஊருக்குப் போனவர், பிறகு வேறு எங்கேயோ வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. பலகை வந்த அன்று சாயங்காலம் நான் சுள்ளிக்கல் கொட்டகைக்குப் போனேன். அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

கொட்டகையில் அந்தம்மா தனியாக மணல் சலித்துக்கொண்டிருந்தார். இங்கே ஆள் பற்றவில்லை என்று நான் சொன்னது பொய் என்றேன்.

"தெரியும்ணே. இது ஏற்கெனவே சலிச்ச மணலு."

நாளைக்கு பஜாருக்கு வந்துவிடுங்கள், மண் சுமக்க வேண்டாம், மேலே நின்றால் போதும், கூலியில் மாற்றமில்லை என்றேன். தலையை ஆட்டினார். போயிருக்கலாம். போக முடியவில்லை. இன்று நான் கத்தினேன் என்று சொன்னேன். முதலாளி பேசியது, சேட்டன் கடையில் சிரித்தது, கோடு நான் போட்ட லட்சணத்தில்தான் அறுந்திருக்கும் என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாரும் மேல வந்துட்டாகளா?"

"வந்துட்டாங்க."

"ஒண்ணுமே விழலையா?"

"ஒண்ணுமே விழல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தலைத் துணியை அவிழ்த்து உதறி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நல்லாத்தாண்ணே கத்தியிருக்கீக."